ட்யூனர் கார்டில் ஒரு மணி நேரப் பதிவு

தொலைக்காட்சி ஒளிபரப்பைக் கணினியில் பெற உதவும் ட்யூனர் கார்டைப் பொருத்திய நாளிலிருந்து, தொலைக்காட்சியைப் பார்ப்பதைவிடப் பதிவு செய்வதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சித் தர முறையிலான அனலாக் ஒளிபரப்பை 720×576 புள்ளிகளாக, நொடிக்கு 25 பிரேம் (தனிப்படம்) வீதம் சுருக்காமல் சேமித்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 75 ஜிபி தேவைப்படும். அதையே எம்பெக்-2 (MPEG-2) என்ற காணொளிச் சுருக்க முறையில் நொடிக்கு 6 மெகாபிட் அளவுக்குச் சுருக்கினால் 2.7 ஜிபி போதும். இந்த வேலைக்கான சில்லு கார்டிலேயே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. என் முதல் கார்டில் அது இல்லாததால், பதிவின்போது வேறொரு மென்பொருளைத் திறந்தாலே பிரேம்கள் விடுபட்டு, செய்தி வாசிப்பவரின் உதடு அசைந்து முடிந்த பிறகே குரல் வந்து சேரும். டிஜிட்டல் ட்யூனரில் இந்தத் தொல்லை இல்லை. நிலையம் சுருக்கி அனுப்பும் தரவே அப்படியே வட்டில் பதிவாகிறது.