ஏஎல் உயிரியல்: நிர்ப்பீடனத்தை இரண்டு கேள்வியில் பிடிப்பது எப்படி

ஐந்தாம் அலகில் பிள்ளைகள் அதிகம் பயப்படுவது நிர்ப்பீடனத்துக்குத்தான், அதாவது கிருமிகளிடமிருந்து உடம்பு தன்னைக் காக்கும் பாடத்துக்கு. இதயம், சிறுநீரகம் என்றால் படம் கீறியாவது புள்ளி எடுக்கலாம். இங்கே பெயருக்கு மேல் பெயராக வரும், ஒன்றும் கையில் நிற்காது. நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கிறேன். களுவாஞ்சிகுடியில் சனிக்கிழமைகளில் ஏஎல் பிள்ளைகளுக்கு ரிவிஷன் எடுக்கிறேன். வருகிற கொப்பிகள் எல்லாவற்றிலும் ஒரே அட்டவணை: இடப்பக்கம் உள்ளார்ந்த நிர்ப்பீடனம் (பிறப்பிலேயே இருப்பது, எந்தக் கிருமிக்கும் பொது), வலப்பக்கம் பெற்ற நிர்ப்பீடனம் (கிருமியைச் சந்தித்த பிறகு வருவது, அந்தக் கிருமிக்கே உரியது), நடுவில் சிவப்புக் கோடு. அதை ஒப்புவிக்கச் சொன்னால் ஒப்புவிப்பார்கள். ‘காலில் முள் குத்தியதிலிருந்து நடப்பதை எழுது’ என்றால் பேனை ஓடாது.

அட்டவணையைக் கொஞ்ச நாளைக்கு மூடி வையுங்கள். எந்தக் கிருமி வந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். அது இப்போது கலத்துக்கு வெளியே நிற்கிறதா, உள்ளே போய்விட்டதா? உடம்பு அதை முன்னமே கண்டிருக்கிறதா, இல்லையா? முக்கால்வாசிப் பாடம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

முள்ளையே எடுப்போம். வயலில் வெறுங்காலோடு நடந்தவர் பாதத்தில் முள் ஏறிவிட்டது, கூடவே பற்றீரியாவும். தோல் என்ற தடை உடைந்தது. அங்கேயே இருக்கும் மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமினை விடுகின்றன, மயிர்க்குழாய்கள் விரிந்து கசியத் தொடங்குகின்றன. சிவப்பு, சூடு, வீக்கம், நோ எல்லாம் இதிலிருந்து வருபவைதான், நாலையும் தனித்தனியாகப் பாடமாக்கத் தேவையில்லை. கசிந்த வழியால் குருதியில் இருக்கும் நிரப்புப் புரதங்களும், கிருமியை விழுங்கும் வெண்குழியங்களான நியூத்திரோபில்களும் வருகின்றன, பின்னால் அதேபோல விழுங்கும் மக்ரோபேஜ்கள். விழுங்கிச் செத்த நியூத்திரோபில்கள்தான் சீழின் பெரும்பங்கு. இவ்வளவும் சில மணித்தியாலங்களுக்குள் தொடங்கிவிடும். இன்ன கிருமி என்று பிரித்துப் பார்க்கும் வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

இரண்டு மூன்று நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டும். அம்மம்மா, அப்பம்மா யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: காலில் புண் என்றால் நெறி கட்டாமல் இருக்காது. அந்தக் கட்டிதான் உங்கள் புத்தகத்து நிணநீர்க் கணு. பாதத்தில் கிருமியை விழுங்கிய டென்ட்ரிட்டிக் கலங்கள் அதன் துண்டுகளைச் சுமந்துகொண்டு நிணநீர்க் கான்வழியே அங்கே போய், இன்ன கிருமி என்று இனங்காணும் வெண்குழியங்களான ரீ கலங்களுக்குக் காட்டுகின்றன. பொருந்தும் நிணநீர்க்குழியங்கள் (ரீ, பீ கலங்கள்) அங்கே பெருகுகின்றன, கணு வீங்குகிறது. கட்டுரையில் இந்த இடத்தைத்தான் பிள்ளைகள் தாண்டிப் போகிறார்கள். பாதத்தில் அழற்சி என்று முடித்துவிட்டு, அடுத்த வரியில் எங்கிருந்தோ பிறபொருளெதிரி (கிருமியோடு பிணையும் புரதம், ஆங்கிலத்தில் antibody) வந்து குதிக்கும்.

இதைப் படிப்பிக்கும்போது இராணுவம், பொலிஸ், உளவுப்படை என்று கதை சொல்வது எனக்குப் பிடிக்காது. எதிரியைப் பார்த்த பிறகு ஆயுதம் செய்கிறார்கள் என்ற எண்ணம் அதில் வந்துவிடும். நடப்பது வேறு. பிறபொருளெதிரி அளவெடுத்துத் தைத்த உடுப்பு அல்ல, ரெடிமேட். கிருமி உடம்புக்குள் வரமுன்னரே கோடிக்கணக்கான வகை வாங்கிகளோடு (கிருமியின் பகுதி வந்து பொருந்தும் புரதங்கள்) பீ கலங்கள் இருக்கின்றன. தற்செயலாகப் பொருந்துகிற கலம் மட்டும் தெரிவாகிப் பெருகும்; அதன் வழி வந்த பிளாஸ்மா கலங்கள் பிறபொருளெதிரியைச் சுரக்கும், ஒரு பங்கு ஞாபகக் கலங்களாகத் தங்கும். 1957இல் அவுஸ்திரேலிய விஞ்ஞானி பேர்னெட் முன்வைத்த முகைத்தெரிவுக் கொள்கை இதுதான். இது விளங்கினால் முதல் தடவை ஏன் சுணங்குகிறது என்பதும் விளங்கும்: பொருந்தும் கலங்கள் மிகச் சில, அவை பெருக நாள் எடுக்கும். முதல் துலங்கல் (உடம்பின் எதிர்வினை) உச்சத்துக்கு வர 10 முதல் 17 நாள், இரண்டாவதற்கு 2 முதல் 7 நாள். இந்த இரண்டு துலங்கலையும் காட்டும் புத்தகத்து வரைபைப் பார்க்காமல் கீறப் பழகுங்கள்.

இனி முதல் கேள்வியின் மறுபக்கம். கிருமி கலத்துக்குள் நுழைந்துவிட்டால் பிறபொருளெதிரியால் அங்கே எட்ட முடியாது. வைரசு தொற்றிய கலத்தைக் கலநச்சு ரீ கலம் (தொற்றிய கலத்தைக் கொல்லும் ரீ கலம்) பேர்போரின் என்ற புரதத்தால் துளையிட்டு அழிக்கும். இயற்கைக் கொல்லிக் கலங்களும் இதே வேலையைச் செய்கின்றன. ஆனால் அவை நிணநீர்க்குழியங்களாக இருந்தும் உள்ளார்ந்த நிர்ப்பீடனத்தில் சேர்பவை, எம்சிகியூவில் (பல்தேர்வு வினாத்தாள்) 41 முதல் 50 வரையான கூற்று வினாக்களுக்கு அளவெடுத்த பொறி. இன்டர்பெரோனும் அப்படித்தான். தொற்றிய கலம் அதைச் சுரப்பது பக்கத்துக் கலங்களை உசார்ப்படுத்தத்தான்.

வகுப்பில் இடது தோளைப் பார்க்கச் சொல்வேன். எல்லாரிடமும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பு இருக்கும். காசநோய்ப் பற்றீரியா மக்ரோபேஜுக்கு உள்ளேயே குடியிருக்கிறது. அந்த ஊசி முக்கியமாக ரீ கலங்களைத்தான் பழக்குகிறது. உதவி ரீ கலங்கள் மக்ரோபேஜைத் தூண்டினால்தான் அது தன்னுள் இருப்பதை அழிக்கும். எச்ஐவி ஏன் இவ்வளவு மோசம் என்பதற்கும் விடை இங்கேதான்: உதவி ரீ கலம் போனால் பீ கலப் பக்கமும் கலநச்சுப் பக்கமும் சேர்ந்து தளரும்.

கலங்களா காக்கின்றன, குருதியில் கரைந்த மூலக்கூறுகளா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பெரிய சண்டையே நடந்தது. கலங்கள் என்ற பக்கத்தில் விஞ்ஞானி மெச்னிகோவ்: 1882இல் நட்சத்திரமீன் குடம்பிக்குள் ரோஜா முள்ளைக் குத்தி, நகரும் கலங்கள் அதைச் சூழ்வதைக் கண்டார். மூலக்கூறுகள் என்ற மற்றப் பக்கத்தில் விஞ்ஞானி ஏர்லிச். 1908இல் நோபல் பரிசை இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். பரீட்சைக்கு இது வராது.

உடம்பு முன்னமே கண்டிருக்கிறதா என்ற இரண்டாவது கேள்விக்கு எங்கள் பக்கத்தில் டெங்குவை விட நல்ல உதாரணம் இல்லை. ஒரு தங்கச்சி கேட்டாள்: “அக்கா, ஒருக்கா டெங்கு வந்தா திரும்ப வராதுதானே?” டெங்கு வைரசில் நான்கு வகை. வந்த வகைக்கு எதிராக நீண்டகாலப் பாதுகாப்பு உண்டு. மற்ற மூன்றுக்கும் கிடைப்பது கொஞ்சக் காலம்தான். பிறகு வேறு வகை தொற்றினால் பழைய பிறபொருளெதிரி அதில் ஒட்டும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. ஒட்டியபடியே மக்ரோபேஜ் போன்ற கலங்களுக்குள் வைரசு சுலபமாக நுழைய வழி செய்துவிடும். இரண்டாம் தடவை கடுமையாவதற்கு இது ஒரு முக்கிய காரணம். 2017இல் நாட்டில் 1,86,000இற்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு பதிவானது, அந்தக் காலத்து ரிப்போர்ட் உங்கள் வீட்டு அலுமாரியிலும் இருக்கக்கூடும். எடுத்துப் பாருங்கள். காய்ச்சலின் முதல் நாட்களில் செய்யும் என்எஸ்1 சோதனை வைரசின் பிறபொருளெதிரியாக்கியை (பிறபொருளெதிரி பொருந்தும் வைரசுப் புரதம்) தேடுகிறது. நாலைந்து நாளுக்குப் பிறகு செய்வது ஐஜிஎம், ஐஜிஜி என்ற பிறபொருளெதிரிகளை. ஆரம்பத்திலேயே ஐஜிஜி கூடியிருந்தால் இரண்டாம் தொற்றாக இருக்கலாம் என்று வைத்தியர் யோசிப்பார். புத்தகத்து வரைபு அந்தக் கடதாசியில் இருக்கிறது.

உயிர்ப்பான (உடம்பே செய்வது), மந்தமான (வெளியிலிருந்து ஆயத்தமாகக் கிடைப்பது) நிர்ப்பீடனத்துக்கு நாய்க்கடியை வையுங்கள். காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போனால் தடுப்பூசி போடுவார்கள். கடி மோசமென்றால் ஆயத்தமான பிறபொருளெதிரியைக் காயத்தைச் சுற்றியும் ஏற்றுவார்கள். ஒன்று உடம்பே செய்வதற்கு, மற்றது அது செய்து முடிக்கும்வரை இடைவெளியை நிரப்ப. விசர்நாய் வைரசு நரம்புவழியே மூளையை அடையப் பெரும்பாலும் வாரக்கணக்கில் எடுக்கும் என்பதால்தான் கடித்த பிறகு போடும் ஊசியும் வேலை செய்கிறது. பாம்புக்கடிக்கு ஏற்றும் விச எதிர்ச்சீரம் குதிரையில் எடுத்தது, முழுக்க மந்தமான வகை. அது வேற்றுப் புரதம் என்பதால் ஒவ்வாமை வரலாம் என்று பக்கத்தில் அதிரினலின் வைத்துக்கொண்டே ஏற்றுவார்கள்.

விடை எழுதும்போது: ‘பிறபொருளெதிரி கிருமியைக் கொல்லும்’ என்று எழுதாதீர்கள். அது பிணையும். பிணைந்து நடுநிலையாக்கும், தின்குழியங்கள் (நியூத்திரோபில், மக்ரோபேஜ் போன்றவை) விழுங்க இலகுவாக்கும், நிரப்புப் புரதங்களைத் தூண்டும். ரீ, பீ இரண்டும் என்புமச்சையில் உருவாகின்றன, ரீ முதிர்வது நெஞ்சில் இருக்கும் தைமஸ் சுரப்பியில். கட்டுரையை நேர ஒழுங்கில் எழுதுங்கள்: மணித்தியாலம், நாள், கிழமை. கட்டுரை வினாக்கள் வரும் பகுதி ஆவில் ஆறில் நாலுதான் செய்ய வேண்டும். வாசிக்கத் தரும் 10 நிமிடத்தில் நிர்ப்பீடனக் கேள்வியைக் கண்டால் இந்த ஒழுங்கு மனதில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் தெரிவு செய்யுங்கள். ஒவ்வாமை, தன்னுடல் தாக்கும் நோய்கள் எல்லாம் ஒரு பின்னேரத்தில் முடியும், கடைசிக்கு வையுங்கள்.

பழைய பேப்பர் செய்யமுன் இதை எழுதிப் பாருங்கள்: பிசிஜியைப் பிறந்தவுடன் போடுகிறார்கள், எம்எம்ஆரை (சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா தடுப்பூசி) ஏன் 9 மாதம்வரை பிற்போடுகிறார்கள்? விடையில் சூல்வித்தகம் (நச்சுக்கொடி) தாண்டி வந்த தாயின் ஐஜிஜி, அது மந்தமான வகை என்பது, உயிருள்ள தடுப்பூசி வைரசை அது பெருகவிடாது என்பது, மாதங்கள் போக அது குறைந்துவிடும் என்பது, இந்த நாலும் இருக்க வேண்டும்.