முந்நூறு டாலர் இல்லாம நின்னுபோற படிப்பு

எங்க ஆபீஸ் இருக்கறது டவுன்டவுன் அட்லாண்டால. மார்ட்டா ட்ரெயின்ல ஃபைவ் பாயின்ட்ஸ் ஸ்டேஷன்ல இறங்கி மேல ஏறி வந்தா, ரோடு பூரா ஜார்ஜியா ஸ்டேட் யுனிவர்சிட்டி பசங்கதான். காம்பவுண்டு சுவர், பெரிய கேட்டுன்னு எதுவும் கிடையாது, ஊருக்கு நடுவுல ஆபீஸ் கட்டடங்களோட கட்டடமா கலந்து கிடக்குது காலேஜ். காலைல 8 மணிக்கு பாத்தீங்கன்னா ராத்திரி வேலை முடிச்ச கையோட, கடை யூனிஃபார்மைக் கூட மாத்தாம நேரா கிளாசுக்கு ஓடற பிள்ளைங்க நிறைய. 1913ல ஆரம்பிச்சப்பவே இது வேலைக்குப் போறவங்களுக்கான ஈவினிங் ஸ்கூல்தான்.

2003 கணக்குப்படி, இங்க சேர்ந்த 100 பேர்ல 6 வருஷத்துக்குள்ள டிகிரி வாங்கினது 32 பேர். அதுக்கப்புறம் பத்துப் பன்னண்டு வருஷத்துல அது 54 ஆச்சு. நல்லா படிக்கற பசங்களை மட்டும் பொறுக்கி எடுத்து இதை சாதிக்கல, அதே காலத்துலதான் ஏழை வீட்டுப் பிள்ளைங்க முன்னைவிட ரொம்ப அதிகமா வந்து சேர்ந்தாங்க, அப்படியும் ஏறிச்சு. கறுப்பின மாணவர்களும் மத்தவங்களும் ஏறக்குறைய ஒரே அளவுல பாஸ் ஆகி வெளிய போறாங்க, அமெரிக்காவுல இது சாதாரண விஷயமே இல்ல.

இது எனக்கு ஏன் இவ்ளோ முக்கியம்னா, நான் ஊர்ல காலேஜ் படிச்சப்போ ஃபீஸ் பாக்கி இருந்தா ஹால் டிக்கெட் தர மாட்டாங்க, பேரை லிஸ்ட் போட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுவாங்க. எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவன், மூணாவது வருஷம், பாக்கி 2,800 ரூபாய். லிஸ்ட்ல பேரைப் பாத்தான், ஒண்ணுமே பேசல, சைக்கிள எடுத்துட்டுப் போனான், அதுக்கப்புறம் அவன் காலேஜ் பக்கமே வரல. நாங்க நாலு பேர் சேர்ந்திருந்தா அந்தக் காசைப் புரட்டியிருக்கலாம், அன்னிக்கு ஒருத்தனுக்கும் அது தோணல.

ஜார்ஜியா ஸ்டேட்லயும் அதேதான் நடந்துட்டு இருந்துச்சு. ஒவ்வொரு செமஸ்டரும் ஆயிரம் பேருக்கு மேல ஃபீஸ் கட்டலன்னு பேர் நீக்கம். யார் யாருன்னு உக்காந்து பாத்தப்பதான் தெரிஞ்சது, அதுல பல பேர் கடைசி வருஷம், நல்ல மார்க், பாக்கி சில பேருக்கு வெறும் 300 டாலர். 2011ல பேந்தர் ரிட்டென்ஷன் கிராண்ட்னு ஒரு உதவித்தொகை கொண்டு வந்தாங்க, யாரும் அப்ளிகேஷன் போட வேண்டாம், காலேஜே லிஸ்டைப் பாத்து நல்லா படிக்கற பிள்ளையோட அக்கவுண்ட்ல பாக்கித் தொகையைப் போட்டுட்டு ஃபோன் பண்ணி சொல்லிடும், அந்தப் பிள்ளை பண விஷயத்துல ஆலோசனைக்கு மட்டும் வரணும். பிள்ளை படிப்பைத் தொடர்ந்தா மிச்ச ஃபீஸ் காலேஜுக்குத்தானே வருது, அதனால கணக்கு பாத்தாலும் நஷ்டம் கிடையாது.

அடுத்தது 2012ல. பத்து வருஷத்து மார்க்கையெல்லாம் எடுத்து வச்சு, எங்க வழுக்கி விழறாங்கன்னு சுமார் 800 அறிகுறி கண்டுபிடிச்சாங்க. பொலிட்டிகல் சயின்ஸ் மெயின் எடுத்த பிள்ளை முதல் பேப்பர்ல சி கிரேடு வாங்கினா, நாலுல ஒருத்தர்தான் டிகிரி முடிக்கறாங்களாம். அதுவரைக்கும் சி-ன்னா பாஸ்தானேன்னு யாரும் கண்டுக்கல. இப்போ அந்த கிரேடு விழுந்ததுமே ஒரு அட்வைசர் கூப்பிட்டுப் பேசறாங்க. அதுக்காக 40க்கும் மேல புது அட்வைசர்ங்களை வேலைக்கு எடுத்தாங்க, என்னைக் கேட்டா விஷயமே அங்கதான் இருக்கு. கம்ப்யூட்டர் லிஸ்ட் கொடுக்கும், ஃபோனை எடுத்து பேசறதுக்கு ஒரு ஆள் வேணும்ல.

நிதி திரட்டறதுலயும் பெரிய அளவுலதான் இறங்கினாங்க, மார்க் பெக்கர் யுனிவர்சிட்டி தலைவரா இருந்தப்போ 30 கோடி டாலர் இலக்கு வச்சாங்க. 2024ல கோகோ கோலா கம்பெனித் தலைவரா இருந்த ராபர்ட் ஊட்ரஃப் பேர்ல இருக்கற அறக்கட்டளை டவுன்டவுன் வளாகத்தை சீர்பண்ண 8 கோடி டாலர் கொடுத்துச்சு. நல்ல விஷயம்தான், இந்த ஏரியாவுக்கு மரமும் நிழலும் கண்டிப்பா வேணும். ஆனா கட்டடத்துக்குக் கொடுக்கறவங்க பேரைப் போட சுவர் இருக்கு, 300 டாலர் பாக்கியை அடைக்கறவங்களுக்கு அது கிடையாது, அந்தப் பக்கமும் பணம் வந்துட்டே இருக்கணுமேன்னு எனக்குக் கவலையா இருக்கு.

டவுன்டவுனுக்குப் பக்கத்துல இருக்கற சம்மர்ஹில் ஏரியா பத்தியும் சொல்லணும். அடிமைத்தனத்துலேர்ந்து விடுதலையானவங்க உள்நாட்டுப் போருக்கு அப்புறம் குடியேறின இடம் அது. ஹைவே வந்து ஏரியாவைக் கிழிச்சது, அப்புறம் ஸ்டேடியம், சுத்தி பூரா பார்க்கிங். 1996 ஒலிம்பிக்ஸுக்குக் கட்டின ஸ்டேடியத்தை விட்டு பேஸ்பால் டீம் 2016ல கிளம்பிடுச்சு, 2017 ஜனவரில யுனிவர்சிட்டியும் ஒரு கட்டுமானக் கம்பெனியும் சேர்ந்து இடத்தை வாங்கினாங்க. ஏரியாவுக்கு என்ன செய்வாங்கன்னு எழுத்துல ஒரு ஒப்பந்தம் வேணும்னு அங்க இருந்த மக்கள் கூடாரம் போட்டு வாரக்கணக்கா உக்காந்தாங்க, அவங்க கேட்டது நியாயம்னுதான் எனக்குப் படுது. பூட்டிக் கிடந்த ஜார்ஜியா அவென்யூ கடைங்க இப்போ திறந்து கலகலன்னு இருக்கு, நடந்து போற தூரத்துலயே பெரிய மளிகைக் கடையும் வந்தாச்சு. வாடகையும் கூடவே ஏறிடுச்சு. ஒரு பிள்ளை தடுமாறப் போகுதுன்னு முன்கூட்டியே கண்டுபிடிக்கத் தெரிஞ்ச யுனிவர்சிட்டி, அடுத்த தெருவுல எந்தக் குடும்பம் வாடகை கட்ட முடியாம காலி பண்ணப் போகுதுன்னும் பாக்கலாமே, இவங்களால முடியும்.

இதையெல்லாம் போன வாரம் எங்க பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல எழுதினேன். கொஞ்ச நேரம் யாரும் ஒண்ணும் சொல்லல, அப்புறம் அன்னிக்கு சைக்கிள எடுத்துட்டுப் போனவன் பேரை ஒருத்தன் டைப் பண்ணான். ஊர்லயே இருக்கற ரெண்டு பேர் திங்கக்கிழமை காலேஜ் ஆபீசுக்குப் போறாங்க, ஃபீஸ் பாக்கி லிஸ்ட் இப்பவும் வருதா, போர்டுல ஒட்டறதுக்கு முன்னாடி அது யார் கையில இருக்கும்னு கேக்கறதுக்கு.