வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து

நான் வாசகர் வட்டச் செயலாளர் ஆனதற்கும் புத்தகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கிளை நூலகத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒருநாள் நூலகர் அம்மா கடைக்கு வந்து, "சார், நீங்க வாசகர் வட்டத்துல இருக்கணும்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் கூட்ட நோட்டீஸ் ஐம்பது காப்பி கேட்டு ஆள் வந்தபோதுதான் பதவியின் அர்த்தம் புரிந்தது. காசு கேட்க முடியுமா? செயலாளரே நான்தானே.

வட்டத்தில் அப்போது பதினொரு பேர். தலைவர், இரண்டு துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், ஆலோசகர் மூன்று பேர் என்று பதவி போக, சும்மா உறுப்பினராக இருந்தவர்கள் இரண்டே பேர்தான். அவர்களும் மனத்தாங்கலில் இருந்தார்கள்.

மாதத்துக்கு ஒரு கூட்டம். புத்தகத் திறனாய்வு என்று போட்டால் நாங்கள் மட்டும் இருப்போம். கவியரங்கம் என்று போட்டால் கவிஞர்கள் மட்டும் இருப்பார்கள், தங்கள் முறை முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள், கடைசிக் கவிஞருக்கு நானும் நூலகர் அம்மாவும் மின்விசிறியும்தான். தேநீரோடு போண்டாவும் உண்டு என்ற சேதி பரவிய மாதம் முப்பத்தெட்டு பேர் வந்தார்கள். அதிலிருந்து பொருளாளர் கூட்டத்தை ஆள் கணக்கில் பேசுவதில்லை, "இந்த மாசம் அறுபது போண்டாக் கூட்டம்" என்றுதான் சொல்லுவார்.

ஆகஸ்ட் 12 வந்தால் மட்டும் தலைவலி. நூலகத் துறையின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்த நாள், நாடு முழுக்க நூலகர் தினம். எங்கள் நூலகத்துக்கு வாரத்தில் வெள்ளிக்கிழமை லீவு, மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை லீவு. 2022-ல் ஆகஸ்ட் 12 வெள்ளிக்கிழமை வந்து விழுந்தது. சரி போகட்டும் என்றால் 2023-ல் இரண்டாம் சனிக்கிழமையில் வந்து விழுந்தது. நூலகர் தினத்தன்று இரண்டு வருடமும் நூலகருக்கு லீவு! அவருக்கு அதைவிட நல்ல பரிசு எதுவும் இருக்க முடியாது என்று நான் சொல்லிப் பார்த்தேன், விழா எடுத்துப் படம் அனுப்ப வேண்டும் என்று அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஆக 13-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வாசிப்பறை எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் மீதி புரியும். செய்தித்தாள் மேசையில் ஒரு பெரியவர் இருப்பார். முதல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் தாளின் மேல் உட்கார்ந்திருப்பார், விளையாட்டுப் பக்கத்தை மடித்து முழங்கைக்குக் கீழே வைத்திருப்பார். யாராவது கேட்டால் "படிச்சிட்டுத் தர்றேன்" என்பார். படித்து முடித்து நான் பார்த்ததில்லை. உள் அறையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர், காலையில் கதவு திறக்கும் முன்பே வாசல்படியில் உட்கார்ந்திருப்பார்கள். உண்மையில் அந்த நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்கள் அவர்கள்தான், நாங்கள் எல்லாம் கூட்டம் போடுகிறவர்கள்.

விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பத்தரைக்கு வரவேண்டியவர் பத்து மணிக்கே வந்துவிட்டார், அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. சீக்கிரம் வருகிற பேச்சாளர் சீக்கிரம் போகமாட்டார் என்பது என் அனுபவம்.

வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை நான்கு எல்லாம் முடிந்து அவர் மைக்கைப் பிடித்தபோது மணி பதினொன்று. 1892-ல் சீர்காழியில் ரங்கநாதன் பிறந்தார். பதினொன்று இருபதுக்கு அவர் கணக்கு வாத்தியார் ஆனார். பதினொன்று நாற்பதுக்கு 1924 வந்தது, சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்று லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அந்தக் கப்பல் போய்ச் சேர்வதற்குள் ஓவியப் போட்டிப் பரிசுக்காக வந்திருந்த பிள்ளைகள் பலூன்களில் நான்கை உடைத்துவிட்டார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் துணைத் தலைவர் ஒருவர் திடுக்கிட்டு விழித்துக் கைதட்டினார். போண்டா ஆறிக்கொண்டிருந்தது. தூக்குவாளி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பொருளாளர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ என் வீட்டு விசேஷத்துக்கு வந்து பந்தி நேரமாகிவிட்ட மாதிரி.

அப்புறம் ரங்கநாதன் எழுதிய நூலக விதிகள் ஐந்துக்கு வந்தார். முதல் மூன்றை ஒருவாறு தாண்டினோம். நான்காவது விதி, "வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து." அதில்தான் ஐயா குளம் வெட்டி இறங்கிவிட்டார். நேரம் என்றால் என்ன, பொன் என்றால் என்ன, நேரம் ஏன் பொன்னைவிட மேல், தன் பள்ளியில் மணி அடிக்கும் ஊழியர் ஒருநாள் ஐந்து நிமிடம் தாமதமாக அடித்ததால் என்ன ஆயிற்று என்று போய்க்கொண்டே இருந்தது. நூலகர் அம்மா துண்டுச் சீட்டில் "நேரம்" என்று எழுதி அனுப்பினார். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆமாம், நேரம்! அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்று தொடர்ந்தார்.

அந்தச் சமயத்தில் உள் அறைக் கதவு திறந்தது. என் கடைக்கு வழக்கமாக ஜெராக்ஸ் எடுக்க வருகிற பையன், காதில் பஞ்சு வைத்திருந்தான். பேச்சாளரிடம் மிகப் பணிவாக, "சார், மைக்கை மட்டும் கொஞ்சம் குறைச்சு வெச்சுக்க முடியுங்களா" என்றான்.

ஐயாவுக்குள் இருந்த தலைமையாசிரியர் எழுந்துவிட்டார். "தம்பி இங்கே வா. நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறாயே, நூலகத்தின் ஐந்து விதிகளைச் சொல், பார்க்கலாம்."

பையன் மூச்சு விடவில்லை. "1931 சார். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் ஒரு வளரும் உயிரி. சென்னை மாகாண நூலகச் சட்டம் 1948 சார்." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பதினைந்து வினாடிகூட ஆகியிருக்காது.

கைதட்டல் என்றால் அதுதான் கைதட்டல். எங்கள் வட்டத்தின் வரலாற்றில் அப்படி ஒன்று விழுந்ததில்லை. பலூன் உடையாமலே துணைத் தலைவர் விழித்துக்கொண்டார். இனி முடித்துத்தானே ஆகவேண்டும் என்று நான் சால்வையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

ஐயா தண்ணீர் குடித்தார். கண்ணாடியைத் துடைத்தார். "நல்ல பிள்ளை," என்றார். "இப்போது அந்தத் தம்பி சொன்னதையே சற்று விரிவாகப் பார்ப்போம்."

பன்னிரண்டே காலுக்கு முடிந்தது. போண்டா ஆறிக் கல்லாகியிருந்தது, இருந்தாலும் அறுபதும் போகும் வேகத்தில் போனது. உள்ளே படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது போலிருந்ததால் ஒரு பதினைந்தை அவசரமாக எடுத்து, பக்கத்தில் கிடந்த தாளில் சுற்றி அந்தப் பையன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். தட்டெல்லாம் தீர்ந்துபோயிருந்தது, வேறு என்ன செய்வது.

பத்து நிமிடம் கழித்துப் பின்னாலிருந்து குரல். "செயலாளரே, விளையாட்டுப் பக்கத்தைக் காணோமே." போண்டா வாங்க எழுந்து போயிருக்கிறார் மனிதர், எத்தனையோ வருடத்தில் அன்றைக்குத்தான் அந்த முழங்கை மேசையைவிட்டு நகர்ந்திருக்கும், அந்த நேரம் பார்த்து நான்.

உள்ளே போய்க் கசங்கிக் கிடந்த தாளை மீட்டுக்கொண்டு வந்து நீட்டினேன். முழுக்க எண்ணெய். திட்டப் போகிறார் என்று நின்றேன். அவர் அதை நீவிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், இந்தப் பக்கத்து எழுத்தோடு அந்தப் பக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரிந்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"பரவாயில்லை தம்பி," என்றார். "ரெண்டு பக்கத்தையும் ஒரே தடவைல படிச்சிடலாம்."