மருந்தியல் பரீட்சை: நரம்புத்தசைச் சந்தியை வரைந்து படியுங்கள்

மருந்தியல் பெறுபேறு வந்துவிட்டது. மனம் இப்போதுதான் ஆறியிருக்கிறது. மட்டக்களப்பில் மருத்துவம் படிக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு நான் அழுத்திச் சொல்வது இதுதான்: மருந்துகளை வகுப்பு வகுப்பாக மனப்பாடம் செய்யாதீர்கள், அவை உடலில் எங்கே வேலை செய்கின்றனவோ அந்த இடத்தில் வைத்துப் படியுங்கள். குறிப்பு அட்டைகள் எழுதுவது நேர விரயம் என்பது என் உறுதியான எண்ணம்.

கல்லடியில் என் அறைச் சுவரில், பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நரம்புத்தசைச் சந்தியை, அதாவது நரம்பு முனை தசையைச் சந்திக்கும் இடத்தை, பெரிதாக வரைந்து ஒட்டியிருந்தேன். நரம்பு முனை நீலம், தசை சிவப்பு, இடையில் நரம்பின் செய்தியைத் தசைக்குக் கடத்தும் அசற்றைல்கோலின் புள்ளிகள். சத்திரசிகிச்சையின்போது தசையைத் தளர்த்தும் சக்சமெதோனியத்தையும் அட்ராகூரியத்தையும் எல்லோரும் அங்கே எழுதுவார்கள். நுண்ணுயிர்க்கொல்லிகள் படித்தபோது அமினோகிளைக்கோசைட்டு வகுப்பைச் சேர்ந்த ஜென்டமைசினையும் அதே தாளில் எழுதினேன். வாய்மொழிப் பரீட்சையில் வந்தது அதுதான்: சத்திரசிகிச்சை முடிந்தும் நோயாளி தானாக மூச்செடுக்கவில்லை, கொடுத்த மருந்துகளில் எதைச் சந்தேகிப்பீர்கள்?

நரம்பு முனைக்குள் கல்சியம் நுழைந்தால்தான் அசற்றைல்கோலின் வெளிவரும். அமினோகிளைக்கோசைட்டுகள் அந்தக் கல்சிய வழியை அடைக்கின்றன. தசைப் பக்கத்து ஏற்பிகளையும் மந்தமாக்குகின்றன. மயக்க மருத்துவர் கொடுத்த தசைத் தளர்த்தியின் விளைவு இதனால் நீள்கிறது. 1950களில் வயிற்றறைக்குள் நியோமைசின் விடப்பட்ட நோயாளிகளுக்கு மூச்சு நின்றது பதிவாகியிருக்கிறது. மக்னீசியம் சல்பேற்றும் இதே வழியைத்தான் அடைக்கிறது; இரண்டையும் பக்கத்தில் எழுதுங்கள்.

படத்தில் இருக்க வேண்டியவை:
- நியோமைசின், ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டமைசின், அமிக்காசின்: தசைத் தளர்வை மீட்கக் கல்சியம் குளுக்கோனேற் உதவக்கூடும், அசற்றைல்கோலின் சிதைவதைத் தடுக்கும் நியோஸ்டிக்மின் ஓரளவே.
- கொலிஸ்டின்: இரண்டையும் நம்ப முடியாது.
- கிளிண்டமைசின்: தசையிலும் நேரடியாகத் தாக்கும், மீட்பது கடினம்.
- பெனிசிலின், செபலோஸ்போரின்: இந்தப் படத்தில் இடமில்லை. பல்தேர்வு வினாவில் இவற்றைக் கலந்து கேட்பார்கள்.

சிறுநீரகம் பழுதான நோயாளி என்று வினாவில் இருந்தால் அந்தச் சொல்லின் கீழ் கோடிடுங்கள்: அமினோகிளைக்கோசைட்டு வெளியேறாமல் தேங்கும். மயஸ்தீனியா கிரேவிஸ் (இந்தச் சந்தி பழுதாகித் தசை பலவீனமாகும் நோய்) என்று இருந்தால் சிப்ரோபுளொக்சசினையும் நினையுங்கள். அது சேர்ந்த புளோரோகுயினலோன் வகுப்பு இந்த நோயின் தசைப் பலவீனத்தைக் கூட்டலாம் என்பதற்கென்றே அமெரிக்காவில் 2011இல் கறுப்புப் பெட்டி எச்சரிக்கை (மருந்துத் தாளில் இடப்படும் மிகக் கடுமையான எச்சரிக்கை) சேர்க்கப்பட்டது.

சிகிச்சை கேட்டால் முதல் வரி செயற்கைச் சுவாசம். கல்சியம் இரண்டாவது வரி. மருந்து வேலை செய்கிறதோ இல்லையோ, நோயாளிக்கு ஒட்சிசன் போய்க்கொண்டிருக்க வேண்டும்.