பிள்ளை பார்க்க வருகிறவர்கள்

அக்டோபர் 26, பாலக்கோடு

தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வந்தாயிற்று. மழை பிடித்துக்கொண்டது, தெருவில் பாதி வீடுகளில் இருமல். மருத்துவர் ஃப்ளூ தடுப்பூசி போடச் சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் டிடி ஊசி போட்டாயிற்றே என்றார் சம்பந்தியம்மா. அது ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும், இது வேறு. இதில் இருப்பது செயலிழந்த கிருமி, கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசியே கிடையாது. தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் போய்ச் சேர்ந்தால்தான் உண்டு. அது உருவாக இரண்டு வாரம் பிடிக்குமாம். அன்றே போட்டுவிட்டோம்.

நவம்பர் 2

வீட்டுப் பெரியவர்களும் போட்டுக்கொள்ள வேண்டுமாம். எனக்குக் கை வலித்ததோடு சரி. என் வீட்டுக்காரர்தான் ஏதோ அறுவை சிகிச்சை முடிந்தவர் போல நாள் முழுதும் படுத்திருந்தார்.

நவம்பர் 29

தருமபுரி அரசு மருத்துவமனையில் பேத்தி பிறந்தாள். சுகப்பிரசவம். வேறு எழுத நேரமில்லை.

டிசம்பர் 8

பிள்ளை பார்க்க ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். திண்ணையில் வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்திருக்கிறேன். ஓசூரிலிருந்து நாத்தனார் வந்தாள். இருமிக்கொண்டே குழந்தைக்குக் கை நீட்டினாள். கூடாது என்றேன். “நான்கு பிள்ளை பெற்றவளுக்கே பாடமா, அண்ணி?” திண்ணையிலேயே காபியைக் குடித்துவிட்டு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஊசி போட ஒரு நிமிடம். இதற்கு எத்தனை வருடம் பேச்சுக் கேட்க வேண்டுமோ! சாம்பிராணிப் புகையையும் நிறுத்திவிட்டேன். பச்சிளம் குழந்தையின் மூச்சுக்கு அது ஆகாது.

டிசம்பர் 14

இவ்வளவுக்குப் பிறகும் மகளுக்குக் காய்ச்சல், உடம்புவலி. ஊசி முழுக்கத் தடுத்துவிடாது, நோயின் கடுமையைக் குறைக்கும் என்றார் மருத்துவர். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம் என்று உடனே கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரி தாய்ப்பாலை நிறுத்தச் சொல்கிறாள். நிறுத்தக் கூடாது; பாலிலும் எதிர்ப்பொருள் போகிறது. கையைக் கழுவி, முகக்கவசம் கட்டிக்கொண்டு பால் கொடுக்கிறாள். மற்ற நேரமெல்லாம் குழந்தை என்னிடம்.

டிசம்பர் 15

இரவெல்லாம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு குழந்தையின் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டினாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, காய்ச்சல் 100.4 டிகிரி காட்டினாலோ கைமருந்து எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழைக்கச் சொல்லியிருக்கிறார் செவிலியர். 98.4-தான் காட்டியது.

டிசம்பர் 20

மகளுக்குக் காய்ச்சல் விட்டது, குழந்தைக்கு ஒன்றுமில்லை. மே கடைசியில் பேத்திக்கு ஆறு மாதம் முடியும். முதல் தடவை என்பதால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. அதற்குள் அவர்கள் அரூருக்குப் போய்விடுவார்கள். சம்பந்தியம்மாவிடம் இப்போதே சொல்லிவைக்க வேண்டும். மறுக்கமாட்டார், செலவு யாருடையது என்றுதான் முதலில் கேட்பார்.