5 கிலோ சுண்ணாம்பும் 89 மோலும்

பொங்கலுக்கு வெள்ளையடிக்க 5 கிலோ கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி வந்தேன். திண்ணையில் அக்கா மகள் மோல் கணக்கோடு, அதாவது துகள்களை எண்ணிப் பார்க்கும் வேதியியல் கணக்கோடு, மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பதினொன்றாம் வகுப்பு. நோட்டில் CaO + H₂O → Ca(OH)₂ என்ற சமன்பாடு: சுட்ட சுண்ணாம்பும் தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்று சேர்ந்து நீற்றிய சுண்ணாம்பு ஆவது.

"மாமா, 56 கிராமும் 18 கிராமும் எப்படி ஒன்றுக்கு ஒன்று ஆகும்?"

சமன்பாடு எடையைப் பேசாது, எண்ணிக்கையைத்தான் பேசும் என்றேன். சுட்ட சுண்ணாம்பு 56 கிராம் ஒரு மோல், தண்ணீர் 18 கிராம் ஒரு மோல். இரண்டிலும் துகள்களின் எண்ணிக்கை அதே 6.022 × 10²³; அந்த எண்ணிக்கைக்குத்தான் ஒரு மோல் என்று பெயர். (கிராமையே விகிதத்தில் போட்டு அந்தக் காலத்தில் ஐந்து மதிப்பெண்ணைக் கோட்டை விட்டவன் நான்.)

சரி, நம் சுண்ணாம்பையே போட்டுப் பார்ப்போம் என்றேன். சுத்தமான சரக்கு என்று வைத்துக்கொண்டால், 5000-ஐ 56-ஆல் வகுக்க 89.3 மோல். தண்ணீரும் அதே 89.3 மோல். 18-ஆல் பெருக்கினால் சுமார் 1,607 கிராம்.

"ஒன்றரை லிட்டர் சொச்சம்தானா? பாட்டி குடம் குடமாக ஊற்றச் சொன்னாங்களே!"

பாட்டி சொன்னதும் சரிதான். வினைக்குப் போவதுதான் அந்த 1.6 லிட்டர். தகர டிரம்மில் சுண்ணாம்பு கொதிக்கும்போது ஆவியாகப் போவது தனி, மட்டை முக்கி அடிக்கக் கரைசலாக நிற்பது தனி.

அப்புறம் அவளே பின்னோக்கிப் போனாள். கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட்; அதில் ஒரு மோல் 100 கிராம், சுட்டால் ஒரு மோல் சுண்ணாம்பு. அப்படியானால் காளவாயில் போட்ட கிளிஞ்சல் 8.93 கிலோ. மீதி 3.93 கிலோ?

"புகையோடு போச்சு," என்றேன். நோட்டில் 'கார்பன் டை ஆக்சைடு, 89.3 மோல்' என்று எழுதிவிட்டு, டிரம் கொதிப்பதைப் பார்க்க ஓடினாள்.