ஷாரோன் ஜோன்ஸின் கிறிஸ்துமஸ் இசைத்தட்டு: ஒரு நாட்குறிப்பு

18 நவம்பர் 2024, திங்கள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டில் வேரூன்றிய சோல் இசையின் பாடகி ஷாரோன் ஜோன்ஸ் மறைந்து இன்றோடு எட்டு ஆண்டுகள் நிறைகின்றன. ஆண்டுதோறும் இந்த நாளில் அவருடைய 'இட்ஸ் எ ஹாலிடே சோல் பார்ட்டி' என்னும் கிறிஸ்துமஸ் இசைத்தட்டை அலமாரியிலிருந்து எடுத்து, தூசி துடைத்து, கைக்கெட்டும் இடத்தில் வைப்பேன். ஆனால் டிசம்பர் பிறக்கும்வரை அதன்மேல் ஊசியை வைப்பதில்லை. இந்த ஆண்டு அந்தத் தட்டைப் பற்றி எழுதிக்கொண்டே கேட்பதென்று முடிவு செய்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் இசைத்தொகுப்பு என்றாலே விற்பனைக்காகச் செய்யும் பக்கவேலை என்று சொல்பவர்கள் உண்டு. ஷாரோன் விஷயத்தில் அது எனக்கு ஒருபோதும் அப்படித் தோன்றியதில்லை. காரணத்தைச் சரியாகச் சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

1 டிசம்பர் 2024, ஞாயிறு

ஷாரோன் 1956-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் பிறந்து, நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்தவர். சிறுவயது முதல் தேவாலயத்தில் பாடியவர். இளமையில் வாய்ப்புத் தேடிப் போனபோது, நிறம் கறுப்பு, உயரம் குறைவு, உடல் பருமன், வயதும் அதிகம் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னதை அவர் பல நேர்காணல்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதன்பின் நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராகவும், வங்கிப் பணம் ஏற்றிச் செல்லும் கவச வண்டியில் பாதுகாவலராகவும் பணியாற்றினார். திருமண விருந்துகளில் பாடினார். தேவாலயத்தை மட்டும் விடவில்லை. முதல் முழு இசைத்தொகுப்பு வெளிவந்தது 2002-இல். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு.

இன்று முதல் பக்கத்தைக் கேட்டேன். கிறிஸ்துமஸ் தட்டின் முதல் பாட்டே யூதர்களின் ஹனுக்கா திருநாளுக்கானது. எட்டு நாள் விளக்கேற்றும் அந்தப் பண்டிகையைப் பித்தளைக் கருவிகள் முழங்க அவர் கொண்டாடுகிறார். புரூக்ளினில் எல்லோரும் அக்கம்பக்கத்தில் வாழ்பவர்கள் என்பதால், அங்கே உருவான தட்டு இப்படித் தொடங்குவதுதான் இயல்பு என்று நினைக்கிறேன்.

இரண்டாவது பாட்டு, 'எயின்ட் நோ சிம்னீஸ் இன் தி ப்ராஜெக்ட்ஸ்'. ப்ராஜெக்ட்ஸ் என்பது நகராட்சி வாடகைக்கு விடும் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே வீட்டுக்கு வீடு புகைபோக்கி கிடையாது. அப்படியானால், புகைபோக்கி வழியே இறங்கிப் பரிசு தருவதாகச் சொல்லப்படும் சாண்டா எந்த வழியாக உள்ளே வந்தார் என்று ஒரு குழந்தை வியக்கிறது. வளர்ந்த பிறகே, பரிசுகளைக் கொண்டுவந்து வைத்தது அம்மா என்பது புரிகிறது. அந்த இடத்தில் ஷாரோன் குரலை உயர்த்திக் கண்ணீர் வரவழைக்கப் பார்ப்பதில்லை. நன்றி சொல்வதுபோல நேராகப் பாடிவிட்டுப் போகிறார்.

5 டிசம்பர் 2024, வியாழன்

ஒலிப்பதிவு பற்றி எழுத வேண்டும். அவருடைய தட்டுகளை வெளியிட்ட டாப்டோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடம் புரூக்ளினின் புஷ்விக் பகுதியில், சாதாரண வீடு ஒன்றில் இருந்தது. அதைக் கூடமாக மாற்றியபோது இசைக்குழுவினரே கொத்து வேலையும் தச்சு வேலையும் பார்த்தார்கள். மின்கம்பி இழுக்கும் வேலையில் ஷாரோனும் கைகொடுத்தார். தான் நின்று பாடப்போகும் அறைக்குத் தானே மின்சாரம் கொண்டுவந்த பாடகி வேறு யாரையும் நான் அறியேன்.

அவருடைய தயாரிப்பாளர் கேப்ரியல் ராத் அங்கே, ஒலிகளைத் தனித்தனியே பதியும் எட்டுத் தடங்கள் மட்டுமே கொண்ட காந்த நாடாவில் பதிவு செய்வதற்குப் பெயர் பெற்றவர். இன்றைய கணினியில் நூறு தடங்கள் வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு, எல்லா முடிவுகளையும் கடைசிவரை தள்ளிப்போடலாம். எட்டுத் தடத்தில் அது நடக்காது. டிரம்ஸ், பாஸ், கிட்டார், ஊதுகருவிகள், பின்னணிக் குரல்கள் எல்லாம் அந்த எட்டுக்குள் அடங்க வேண்டுமென்றால், எந்த இரண்டை ஒன்றாகக் கலப்பது, யார் மைக்கிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்பது என்பதைப் பதிவுக்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். டிரம்ஸின் ஒலி கிட்டாரின் மைக்கிலும் சிறிது ஒழுகும். ஒருவர் பிசகினால் அவருடைய பகுதியை மட்டும் வெட்டி ஒட்ட முடியாது. ஆகவே எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கப் பழகுகிறார்கள். தேவாலயப் பாடகர் குழுவில் நின்றவர்களுக்கு இது புதிதல்ல.

10 டிசம்பர் 2024, செவ்வாய்

இன்று சோல் பாடகர் ஓடிஸ் ரெட்டிங்கின் நினைவு நாள். 1967-இல் இதே நாளில் விஸ்கான்சினின் மனோனா ஏரியில் விமானம் விழுந்து இறந்தபோது அவருக்கு வயது இருபத்தாறு. அவர் பாடிய 'ஒயிட் கிறிஸ்துமஸ்' அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது. அதே பாட்டை ஷாரோன் துள்ளலோடு பாடுகிறார். ஓடிஸோ ஒவ்வொரு சொல்லாகக் கெஞ்சி இழுக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். ஓடிஸுக்குப் பிறகு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

15 டிசம்பர் 2024, ஞாயிறு

தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடும் கீத பவனிக்கான பயிற்சி இன்று மாலை. 'ஒப்பில்லா திரு இரா'வை எடுத்தபோது எனக்கு ஓர் ஆசை வந்தது. ஷாரோனின் 'சைலன்ட் நைட்' அதே மெட்டுதான். ஆனால் ப்ளூஸ் என்னும் கறுப்பின மக்களின் துயர இசை தோய்ந்து மிக மெதுவாக நகரும். மெட்டைச் சிதைக்காமல் அவரால் அதை எப்படிச் செய்ய முடிந்தது என்று எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி இருந்தது. விடை தாளத்தில் இருக்கிறது. 1818-இல் குரூபர் அமைத்து, ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் கிராமத்தில் முதலில் பாடப்பட்ட அந்த மெட்டு, தாளத்தின் ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரியும் நடையில் செல்வது. நம் கணக்கில் திஸ்ர நடை. சோல் இசையின் மெதுவான காதல் பாடல்கள் பலவும் இதே நடையில்தான் நடக்கின்றன. அன்றைய முதல் அரங்கேற்றத்தில் ஆர்கன் இல்லை, கிட்டார் மட்டுமே இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த மெட்டை ஷாரோன் எங்கோ தொலைவிலிருந்து இழுத்து வர வேண்டியிருக்கவில்லை.

டிரம்ஸ் வாசிக்கும் தம்பியிடம், வேகத்தைப் பாதியாகக் குறைத்து மூன்று மூன்றாகத் தட்டச் சொன்னேன். முதல் வரி முடிவதற்குள் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ வரிசையில் இருந்த அக்காமார் தாங்களாகவே தோளை அசைக்கத் தொடங்கினார்கள். "அக்கா, இது பாமாலைதானா?" என்று அவன் கேட்டான். ஒரு சுரத்தைக்கூட மாற்றவில்லை என்று சொல்லி, புத்தகத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

24 டிசம்பர் 2024, செவ்வாய்

ஆராதனை முடிந்து திரும்பும்போது நள்ளிரவாகிவிட்டது. கடைசியாக ஒருமுறை தட்டை ஓடவிட்டிருக்கிறேன்.

2013-இல் அவருக்குக் கணையப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சிகிச்சை முடிந்து, தலைமுடி இல்லாமலே மேடையேறி ஆடினார். நோய் திரும்பிவிட்டதை 2015 செப்டம்பரில் அவரே அறிவித்தார். அடுத்த மாதம் 30-ஆம் தேதி இந்தத் தட்டு வெளிவந்தது. கேட்பவர்கள் அதில் ஒரு விடைபெறுதலைத் தேடுவார்கள், நானும் தேடியிருக்கிறேன். அதில் அப்படி எதுவும் இல்லை. விருந்துக்கு வந்தவர்களை உட்காரவிடாமல் எழுப்பி ஆடவைக்கும் வீட்டுக்காரியின் குரல்தான் இருக்கிறது.

2016 நவம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. மருத்துவமனையில் கட்டிலைச் சுற்றி அவருடைய இசைக்குழுவான டாப்-கிங்ஸ் குழுவினர் இருந்தார்கள். கிட்டாரை எடுத்து வாசித்தபோது, சொல் வராத அவர் தேவாலயப் பாடல்களை முனகலாகத் தொடர்ந்ததையும், குரல் சரியான இடத்தில் விழுந்ததையும் ராத் பின்னர் சொல்லியிருக்கிறார்.

'சைலன்ட் நைட்' இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பிள்ளைகள் உறங்குவதால் ஒலியைக் குறைத்து வைத்திருக்கிறேன். ஊசி உரசும் சத்தமும் அவர் குரலும் ஒரே அளவில் கேட்கின்றன.